அலமாரிப் பேப்பருக்கு அடியில 20க்கு 9

கொஞ்சம் நீளமான இழை இது. வீட்டுல பள்ளிக்கூடம் போற பிள்ளை இருந்தா பொறுமையா கடைசி வரைக்கும் வாசிங்க. அறிவுரை சொல்ற தகுதி எனக்கு இருக்கான்னு தெரியல. பெரும்பாலும் நான் பண்ணின தப்பைப் பத்தித்தான் எழுதப் போறேன்.

போன பொங்கலுக்கு வீட்டை ஒதுங்க வச்சுக்கிட்டு இருந்தோம். மகளோட புத்தக அலமாரியில விரிச்சிருந்த பழைய நியூஸ் பேப்பரை உருவினேன். அதுக்கு அடியில நாலா மடிச்ச ஒரு கணக்குப் பரீட்சை பேப்பர். 20க்கு 9. தேதி ரெண்டு மாசத்துக்கு முந்தினது. பெற்றோர் கையெழுத்து போடற இடம் காலி. மிஸ் கேட்டதுக்கு "தொலைஞ்சு போச்சு"ன்னு சொல்லியிருக்கா.

அவ நாலாவது படிக்கிறா. நாங்க பிள்ளையை அடிக்கிறவங்க இல்ல. மார்க்குக்காகத் திட்டினதும் இல்ல. சொல்லப்போனா "மார்க் முக்கியமில்ல"ன்னு ஊருக்கெல்லாம் வகுப்பு எடுக்கற ஆள் நான். அப்படிப்பட்ட வீட்டுல ஒரு ஒன்பது வயசுக் குழந்தை எதுக்காக ஒரு பேப்பரை ரெண்டு மாசம் ஒளிச்சு வைக்கணும்?

கோபப்படாமத்தான் கேட்டேன். ரொம்ப நேரம் தலை நிமிரவே இல்ல. அப்புறம் மெதுவா சொன்னா: "நீங்கதானப்பா எல்லார்கிட்டயும் பாப்பா கணக்குல புலின்னு சொல்வீங்க."

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

நான் அதைப் பாராட்டுன்னு நினைச்சுத்தான் சொன்னேன். விருந்தாளி வந்தா, போன்ல அத்தை பேசினா, எல்லார்கிட்டயும் "கணக்குல புலி, என்னை மாதிரி"ன்னு ஒரு பெருமை. அவளுக்கு அது வேற மாதிரி போய்ச் சேர்ந்திருக்கு. புலின்னா எப்பவும் புலியாவே இருக்கணும். 20க்கு 9 வாங்கின புலியை அப்பா எப்படிப் பார்ப்பார்?

இதைப் பத்தி ஒரு பழைய ஆய்வு இருக்கு. 1998ல கிளாடியா முல்லர், கேரல் ட்வெக்னு ரெண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவுல அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளை வச்சுப் பண்ணினது. முதல்ல எல்லாருக்கும் சில புதிர்கள் கொடுத்தாங்க. முடிச்சதும் எல்லார்கிட்டயும் "நல்லா பண்ணியிருக்க"ன்னு சொன்னாங்க. அதோட ஒரு குழுவுக்கு மட்டும் "நீ புத்திசாலி"ன்னு ஒரு வரி. இன்னொரு குழுவுக்கு "நல்லா முயற்சி பண்ணியிருக்க"ன்னு ஒரு வரி. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்ததா கஷ்டமான புதிர்கள். எல்லாருமே திணறினாங்க. மூணாவதா மறுபடியும் முதல் தடவை மாதிரியே சுலபமானது. "புத்திசாலி" பட்டம் வாங்கினவங்க முதல்ல பண்ணின அளவுக்குக்கூட பண்ணல. "முயற்சி" குழு முன்னைவிட நல்லா பண்ணினாங்க.

எனக்கு உறைச்சது அதுக்கப்புறம் நடந்ததுதான். "நீ எடுத்த மார்க்கை வேற ஒரு ஸ்கூல் பிள்ளைகளுக்கு எழுது, பேர் போட வேண்டாம்"னு சொல்லியிருக்காங்க. புத்திசாலின்னு பாராட்டு வாங்கின குழுவுல பத்துக்கு கிட்டத்தட்ட நாலு பேர் மார்க்கைக் கூட்டி எழுதினாங்க. முகம் தெரியாத பிள்ளைகளுக்கு, பேர்கூட போடாத தாள்ல. முயற்சியைப் பாராட்டின குழுவுல எட்டுல ஒருத்தர்தான் அப்படிப் பண்ணினது.

என் மகளும் அதே வேலையைத்தான் பண்ணியிருக்கா, பேப்பரை ஒளிச்சு வச்சு.

உடனே "அப்போ இனிமே முயற்சியைப் பாராட்டினா போதும், பிள்ளை முதல் ரேங்க் வந்துடும்"னு கிளம்பிடாதீங்க. 2019ல அமெரிக்காவுல சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள்கிட்ட இந்தச் சிந்தனையை ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஆன்லைன் பாடமா கொடுத்துப் பார்த்தாங்க. பின்தங்கின மாணவர்களோட மார்க் கொஞ்சம் ஏறுச்சு. கொஞ்சம்தான். தோத்துப் போய் நிக்கிற பிள்ளைகிட்ட "நீ முயற்சி பண்ணினியே, அது போதும்"னு சும்மா சொல்றதும் வேலைக்கு ஆகாதுன்னு ட்வெக்கே பின்னாடி எழுதியிருக்காங்க. எங்க தப்பு வந்துச்சு, வேற எப்படிப் போட்டுப் பார்க்கலாம்னு கூட உட்கார்ந்து பார்க்கணும்.

சரி, ஒரு கணக்குப் பேப்பருக்கு இவ்வளவு பேச்சான்னு நினைக்கலாம். எனக்கு அது வெறும் பேப்பரா தெரியாததுக்கு ஒரு காரணம் இருக்கு.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ நடந்தது. ராத்திரி ரெண்டு மணி இருக்கும். வார்டுல வாந்தி பேதியோட சேர்ந்திருந்த ஒரு பாட்டிக்கு ரத்தத்துல பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சிருந்துச்சு. சீனியருக்கு போன் பண்ணினேன். தூக்கக் கலக்கத்துல "கேசிஎல் ஒரு ஆம்பியூல் போட்டுடு"ன்னார். "ஓகே சார்"ன்னு வச்சிட்டேன்.

போனை வச்சப்பவே மனசுல ஒரு சந்தேகம். நேரா ஊசியில போடறதா, க்ளூக்கோஸ் பாட்டில்ல கலக்கறதா? புத்தகத்துல படிச்சதுதான். அந்த நேரத்துல உறுதியா ஞாபகம் வரல. திரும்ப போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். பக்கத்துல சிஸ்டர் இருந்தாங்க, அவங்ககிட்ட கேட்டிருக்கலாம். கேட்கல. மருந்தை சிரிஞ்சுல ஏத்தி, பாட்டி கையில இருந்த ஊசிக்குப் பக்கத்துல கொண்டு போயிட்டேன்.

சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடிச்சாங்க. "சார், அது டைரக்டா போகக் கூடாது. பாட்டில்ல கலந்து மெதுவா ஏத்தணும்."

டாக்டருங்க இதைப் படிச்சா இந்த இடத்துல முதுகு சில்லிடும். மத்தவங்களுக்காகச் சொல்றேன்: அந்த மருந்தைக் கலக்காம நேரா நரம்புல செலுத்தினா இதயம் சில நிமிஷத்துல நின்னு போகலாம்.

நான் முட்டாள் இல்ல. பிளஸ் டூவுல ஊர்லயே முதல் மார்க். எனக்குத் தெரியாததா இருந்தது "எனக்குத் தெரியல, சொல்லுங்க"ங்கற ஒரு வாக்கியம்தான். அதைச் சொல்லிப் பழக்கமே இல்ல. எங்க வீட்டுல ராத்திரி சாப்பாட்டுத் தட்டு முன்னாடி அப்பா வாய்ப்பாடு கேட்பார். தெரியாதுன்னா தலையில நறுக்குன்னு ஒரு கொட்டு. கூடவே "தெரியாதுன்னு வாயைத் திறந்து வேற சொல்றியா?" அவரைக் குறை சொல்லல. "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்"னு வாத்தியார்கிட்ட பிள்ளையை ஒப்படைச்ச தலைமுறை அது. ஆனா அந்த வீட்டுல நான் கத்துக்கிட்டது, தெரியலன்னா தெரிஞ்ச மாதிரி இருக்கணுங்கறதுதான். அதை அப்படியே வார்டு வரைக்கும் கொண்டு போயிட்டேன்.

ஆக, கொட்டு வாங்கின நானும் ஒளிச்சேன். கொஞ்சி வளர்த்த என் பொண்ணும் ஒளிக்கிறா. இதுதான் என்னைக் குடைஞ்சது. அடிக்காம இருந்தா மட்டும் போதாது போல. தப்பு பண்ணினதை வந்து சொல்றதுக்கு வீட்டுல ஒரு இடம் இருக்கணும்.

அதுக்கு நாங்க என்ன பண்ணினோம்னா, பெருசா ஒண்ணும் இல்ல. ராத்திரி சாப்பிடும்போது "இன்னைக்கு நான் எதுல சொதப்பினேன்"னு ஒருத்தர் சொல்லணும். முதல்ல பெரியவங்க. முதல் வாரம் படு கேவலமா போச்சு. பிள்ளை பேசவே இல்ல. நான் எதையோ ஒப்பேத்தினேன், அவளுக்கும் அது புரிஞ்சிடுச்சு. மூணாவது வாரம் என் மனைவி பேங்க்ல ஒரு வாடிக்கையாளர்கிட்ட தப்பான ஃபாரத்தைக் கொடுத்து, அவரைத் திரும்ப அலையவிட்டு, மன்னிப்பு கேட்ட கதையைச் சொன்னா. மகள் சாப்பிடறதை நிறுத்திட்டுக் கேட்டா. "அவர் திட்டினாராம்மா?" அதுக்கு அடுத்த நாள் அவளே ஆரம்பிச்சா, சயின்ஸ்ல வேர் எது தண்டு எதுன்னு மாத்தி எழுதினதை.

இன்னொண்ணு, கேள்வி கேட்டுட்டு சும்மா இருக்கறது. மேரி பட் ரோன்னு ஒரு ஆய்வாளர் 1970கள்லயே வகுப்பறைகளை டேப்ல பதிவு பண்ணிக் கேட்டாங்க. கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியா ஒரு செகண்டு. அதை மூணு செகண்டு ஆக்கினதுக்கே பிள்ளைகளோட பதில் நீளமாச்சு, "தெரியாது"ங்கறது குறைஞ்சுது. நம்ம வீட்டுல அந்த ஒரு செகண்டுகூட கிடையாதுங்க. "ஏழெட்டு எவ்வளவு? அம்பத்தாறு! இதுகூட தெரியலயா?" கேள்வியும் நம்மளே, பதிலும் நம்மளே, திட்டும் நம்மளே. மூணு செகண்டு வாயை மூடிப் பாருங்க, எவ்வளவு கஷ்டம்னு தெரியும்.

அவ கேள்வி கேட்டு எனக்குப் பதில் தெரியலன்னா "தெரியலடா, பார்க்கலாம்"னு சொல்றேன். மார்கழியில ஒரு நாள் இட்லி மாவு பொங்கல. ஏன்னு கேட்டா. குளிர்னாலன்னு சொல்லி முடிச்சிருக்கலாம். ரெண்டு டம்ளர்ல மாவை எடுத்து ஒண்ணை ஃப்ரிட்ஜுலயும் இன்னொண்ணை அடுப்புக்குப் பக்கத்துலயும் வச்சா. காலையில எழுந்து பல்லுகூட விளக்காம ஓடிப் போய்ப் பார்த்தா. அடுப்பு மேடை முழுக்க மாவு வழிஞ்சு கிடந்தது வேற கதை. துடைச்சது நான்தான்.

"நாங்க படிக்கலையே டாக்டர், பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கறது?"ன்னு கேட்கறவங்களுக்கு ஒரு அம்மாவைப் பத்திச் சொல்லணும். என்கிட்ட சுகருக்கு வர்றவங்க. சித்தாள் வேலை, கையெழுத்து மட்டும் போடத் தெரியும். தினமும் ராத்திரி பாத்திரம் விளக்கும்போது மகளைப் பக்கத்துல உட்கார வச்சு "இன்னைக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க, எனக்குப் புரியற மாதிரி சொல்லு"ன்னு கேட்பாங்களாம். "எனக்குப் புரியற வரைக்கும் விடமாட்டேன் சார்"னு சிரிச்சாங்க. அடுத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கே பாடம் தெளிவாகும். மெடிக்கல் காலேஜுல நாங்க குரூப் ஸ்டடின்னு பண்ணினதும் இதுதான். அந்த அம்மாவுக்குப் பதில் தெரியாததுதான் அங்க பெரிய பலம். அவங்களால குறுக்கே புகுந்து பதில் சொல்ல முடியாது.

பொறுமையைப் பத்தியும் ஒண்ணு. "இப்போ இருக்கற பிள்ளைங்களுக்குப் பொறுமையே இல்ல"ன்னு நிறைய பேர் சொல்றாங்க. 2013ல வெளிவந்த ஒரு சின்ன ஆய்வு: 28 குழந்தைகள், 3 முதல் 5 வயசு. "இரு, நல்ல கலர் பென்சில் எல்லாம் கொண்டு வரேன்"னு சொன்ன பெரியவர் பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டு வந்தார். மீதிப் பேர்கிட்ட "சாரி, இல்ல"ன்னு கையை விரிச்சார். அப்புறம் ஒரு மிட்டாயை முன்னாடி வச்சு, "சாப்பிடாம இருந்தா ரெண்டாவது தருவேன்"னு சொல்லிட்டுப் போனார். வாக்கு காப்பாத்தின பெரியவரை நம்பி சராசரியா 12 நிமிஷம் காத்திருந்தாங்க. ஏமாத்தினவர்கிட்ட 3 நிமிஷம். பிள்ளைக்குப் பொறுமை இல்லன்னு சொல்றதுக்கு முன்னாடி, "நாளைக்கு வாங்கித் தரேன்"னு நாம சொன்ன நாளைகள் எத்தனை வந்துச்சுன்னு ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாம்.

டாக்டரா ஒரு விஷயம் சொல்லாம விட முடியாது. படிப்புல பின்தங்கற எல்லாப் பிள்ளைக்கும் மனசோ வளர்ப்போ காரணம் இல்ல. "சோம்பேறி சார், போர்டைப் பார்த்து எழுதவே மாட்டேங்கறான்"னு கூட்டிட்டு வந்த பையனுக்கு கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டதும் சோம்பேறித்தனம் போயிடுச்சு. கண், காது, ரத்தசோகை முதல்ல பாருங்க. எழுத்துக்கூட்டிப் படிக்கறதுல தொடர்ந்து திணறினா, ஒரு இடத்துல உட்காரவே முடியலன்னா, குழந்தைகள் நல மருத்துவர்கிட்ட காட்டுங்க. அது திட்டித் திருத்தற விஷயம் இல்ல. 6 முதல் 12 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேணும். பத்தரை வரைக்கும் ட்யூஷன் வீட்டுப்பாடம், அஞ்சரைக்கு எழுப்பறதுன்னா மிச்சம் எவ்வளவுன்னு நீங்களே கழிச்சுப் பாருங்க.

அந்த 20க்கு 9 பேப்பர்ல நான் கையெழுத்துப் போட்டேன். "தொலையல மிஸ், ஒளிச்சு வச்சிருந்தேன்"னு அவளே போய்ச் சொன்னா. மிஸ் ஒண்ணும் சொல்லலயாம். கணக்கு இன்னும் தகராறுதான். பின்னம்னா இப்பவும் பயப்படறா. போன டெஸ்ட்ல 12. பையைக்கூட கழட்டாம நேரா வந்து நீட்டினா.

சாப்பாட்டு நேரத்துல என் முறை வந்தப்போ ஒரு நாள் அந்தப் பொட்டாசியம் கதையை அவளுக்குப் புரியற மாதிரி சொன்னேன். வீட்டுல யார்கிட்டயும் சொன்னதில்ல. மனைவிக்கே அன்னைக்குத்தான் தெரியும்.

"அந்தப் பாட்டி பிழைச்சாங்களாப்பா?"

"பிழைச்சாங்க. நாலு நாள்ல வீட்டுக்குப் போயிட்டாங்க."

"அந்த சிஸ்டருக்கு தேங்க்ஸ் சொன்னீங்களா?"

சொல்லல. அன்னைக்கு வந்த அவமானத்துல அதுக்கப்புறம் அவங்க டியூட்டியில இருந்தா அந்தப் பக்கம் போறதையே குறைச்சுக்கிட்டேன். இப்போ ரிட்டயர் ஆகியிருப்பாங்க. அடுத்த மாசம் அந்த ஊர்ப் பக்கம் ஒரு கல்யாணம் இருக்கு, விசாரிச்சுப் பார்க்கணும். மகளும் கூட வரேன்னு சொல்லியிருக்கா.