தட்டான் சட்டையில் வெள்ளை நூல்

மழை ஓய்ந்து கண்மாய் நிறைந்து கிடந்த ஒரு தை மாதக் காலை. கரையோரக் கோரைத் தண்டில் தட்டான் உரித்துப்போட்ட சட்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஆறு காலும் தண்டை விடாமல் பற்றியிருந்தன. கண் இருந்த இடத்தில் கண்ணாடிபோல் வெற்று ஓடு. முதுகில் நீளமாக ஒரு கீறல். அதன் வழியாகத்தான் தட்டான் வெளியேறிப் பறந்திருந்தது. அந்தக் கீறலுக்குள்ளிருந்து நாலைந்து வெள்ளை நூல்கள் தொங்கின. தையல் நூலைவிட மெல்லியவை.

“அது நரம்புப்பா. உரிக்கையில அறுந்து தங்கிப்போச்சு” என்றார் உடன் வந்த பெரியப்பா.

அந்தக் கரையிலேயே வாழ்ந்தவர் சொன்னது. ஆனாலும் நரம்பு அறுந்த பூச்சி எப்படிப் பறக்கும் என்ற கேள்வி என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து பூச்சியியல் நூல்களைப் புரட்டினேன். நூல் பிடித்து நூல் பிடித்துப் போனதில் 17-ஆம் நூற்றாண்டு இத்தாலி வரை போய் நிற்க வேண்டியதாயிற்று.

அவை நரம்பு அல்ல, தட்டானின் மூச்சுக்குழல்களின் உள்தோல். பூச்சிகளுக்கு நுரையீரல் கிடையாது. பெரும்பாலான பூச்சிகளில் ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதும் இல்லை. உடலின் இரு பக்கமும் வரிசையாகத் துளைகள் இருக்கின்றன. கரப்பானுக்கு 10 ஜோடி, பட்டுப்புழுவுக்கு 9 ஜோடி. ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு குழல் உள்ளே போய், கிளைத்துக் கிளைத்து, கடைசியில் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமனில் திசுக்களைத் தொடுகிறது. காற்று நேராகவே அங்கே போய்ச் சேர்கிறது. இந்தக் குழல், வெளித்தோலே உள்ளே மடங்கிப்போய் உருவானது. வயலில் மோட்டாருக்குப் போடும் உறிஞ்சு குழாய் அமுங்கிவிடாமல் சுருள் வளையம் தாங்குவதுபோல இதன் சுவரிலும் சுருள் தடிப்பு உண்டு. வெளித்தோலை உரிக்கும்போது பெரிய குழல்களின் உள்தோலும் சேர்ந்தே உரிகிறது. பழைய சட்டையோடு ஒட்டியிருக்கும் அதை விட்டுவிட்டுப் பூச்சி தன்னை உருவிக்கொள்கிறது. மிஞ்சுவதுதான் அந்த வெள்ளை நூல்.

இதை முதலில் கண்டவர் யார்? பூச்சிகள் மூச்சே விடுவதில்லை என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். ஈயும் தேனீயும் நீரில் வெகுநேரம் நீந்துவதை அதற்குச் சான்றாகக் காட்டினார். ரோமானியரான பிளினி அதை மறுத்தார். ஆனால் இருவரிடமும் பூச்சியைத் திறந்து பார்க்க நுண்ணோக்கி இல்லை.

அது இருந்தவர் மார்செல்லோ மால்பீகி. பொலோன்யா நகரத்து மருத்துவர். 1661-இல் தவளையின் நுரையீரலில் ரத்தத் தந்துகிகளைக் கண்டறிந்தவர் அவர்தான். லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க், பட்டுப்புழு குறித்து எழுதுமாறு அவரைக் கேட்டுக்கொண்டார். மால்பீகி புழுக்களை அறுத்து மாதக்கணக்கில் நுண்ணோக்கியில் பார்த்தார். புழுவின் பக்கவாட்டில் உள்ள கரும்புள்ளிகளிலிருந்து குழல்கள் மரக்கிளைபோல் உடலெங்கும் பரவுவதைக் கண்டு வரைந்தார். அடுத்து அவர் செய்த சோதனைதான் இந்தத் தேடலில் என்னை மிகவும் ஈர்த்தது. புழுவின் வாயில் எண்ணெய் தடவினார், புழு சாகவில்லை. பக்கத்துத் துளைகளில் தடவினார், செத்தது. மூச்சு எந்த வழியாகப் போகிறது என்ற நெடுநாள் வழக்கு ஒரு துளி எண்ணெயில் தீர்ந்தது. பட்டுப்புழு பற்றி அவர் எழுதிய அந்தப் புத்தகம் 1669-இல் லண்டனில் அச்சாயிற்று. இன்று செடியில் அப்பிய மாவுப்பூச்சி மேல் எண்ணெய்க் கரைசல் தெளிக்கும் விவசாயியும் அதே துளைகளைத்தான் அடைக்கிறார்.

செடிகளை அறுத்துப் பார்த்தபோதும் மால்பீகி சுருள் தடிப்புள்ள குழல்களைக் கண்டார். பட்டுப்புழுவில் பார்த்ததன் நினைவில், இவையும் மூச்சுக்குழல்களே என்று எண்ணினார். உண்மையில் அவை நீர் ஏறும் குழல்கள். அவருடைய ஒப்புமை பிழையானாலும் பெயர் நின்றுவிட்டது. பள்ளித் தாவரவியலில் நாம் மனப்பாடம் செய்யும் ‘டிரக்கீடு’ என்ற சொல்லுக்குள் மூச்சுக்குழலைக் குறிக்கும் ‘டிரக்கியா’தான் இருக்கிறது.

குழல் கிடைத்துவிட்டது, அதற்குள் காற்றை எது நகர்த்துகிறது? இதற்குக் கணக்குப் போட்டவர் டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோ. மரத்தைக் குடையும் ஒரு பெரிய அந்துப்பூச்சியின் புழுவை எடுத்துக்கொண்டு, குழல்களின் நீளத்தையும் குறுக்களவையும் அளந்தார். எந்த விசையும் தள்ளாமலே, செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஆக்சிஜன் தானே பரவுவது அந்தப் புழுவுக்குப் போதும் என்று 1920-இல் காட்டினார். ஆக்சிஜன் நீரில் பரவுவதைவிடக் காற்றில் ஏறக்குறைய 10,000 மடங்கு வேகமாகப் பரவும். குழலில் காற்று நிறைந்திருப்பதன் பயன் அதுதான். அதே ஆண்டு க்ரோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது, ரத்தத் தந்துகிகள் பற்றிய ஆய்வுக்காக. தந்துகியும் மூச்சுக்குழலும் மால்பீகியின் கையில்தான் முதலில் அகப்பட்டன. 250 ஆண்டுகள் கழித்து இரண்டும் மறுபடி ஒரே ஆளின் மேசையில் வந்து சேர்ந்ததைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பரவல் மட்டுமே என்ற எண்ணமும் முழுமையாக நிற்கவில்லை. பறக்கும் வெட்டுக்கிளி வயிற்றைச் சுருக்கி விரித்துக் காற்றை இறைப்பது முன்பே தெரியும். 2003-இல் சிகாகோ அருகே ஆர்கோன் ஆய்வகத்தில், உயிரோடு இருக்கும் வண்டு, சில்வண்டு, எறும்பு ஆகியவற்றுக்குள் எக்ஸ் கதிர் பாய்ச்சிப் படம் பிடித்தார்கள். தலையிலும் மார்பிலும் உள்ள பெரிய குழல்கள் நம் நுரையீரல்போலவே அமுங்குவதும் விரிவதும் திரையில் தெரிந்தன.

கோரைத் தண்டுக்கு வருவோம். தட்டானின் இளம்பருவம் முழுக்கத் தண்ணீருக்குள் கழிகிறது. அங்கே அது குடலின் பின்பகுதிக்குள் நீரை உறிஞ்சி வெளியேற்றுகிறது. அந்த அறைக்குள் மெல்லிய செதில்கள், செதில்கள் முழுக்கக் காற்று நிறைந்த நுண்குழல்கள். நிலத்தில் வாழ்ந்த மூதாதைகளிடமிருந்து வந்த மூச்சுக்குழலை வைத்துக்கொண்டே அது நீருக்குள் செவுள் கட்டியிருக்கிறது. சட்டை உரிக்கும் காலம் நெருங்கும்போது கரைக்கு நகர்ந்து, தலையையும் மார்பையும் நீருக்கு மேலே நீட்டி, மார்புத் துளைகளால் காற்றை இழுக்கத் தொடங்குகிறது. பிறகு ஓர் இரவில் தண்டில் ஏறுகிறது.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். “அப்படின்னா கரப்பான் சட்டையிலயும் இருக்கணுமேப்பா” என்றார். அடுத்த வாரம் தீப்பெட்டிக்குள் ஒன்றைப் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தார். லென்ஸை அவரிடமே கொடுத்தேன். சன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார். “இந்தப் பக்கம் மூணு தெரியுது” என்றார்.