கொட்டாங்கச்சியும் குட்டி மோட்டாரும்

● நாகூரில் காசு கொடுக்காமல் கிடைக்கும் நல்ல மூலப்பொருள் கொட்டாங்கச்சி. முற்றிய தேங்காயின் ஓடு மூன்று நாலு மில்லிமீட்டர் கனம் இருக்கும். சில மரங்களைவிடக் கடினம். உளி வைத்தால் வளைவில் வழுக்கும், தட்டினால் தெறிக்கும். அரம் போட்டால் ஒரு துளை திறப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நுனியில் பிட் மாட்டி வேகமாகச் சுழற்றும் கையடக்க ரோட்டரி டூல் வீட்டில் இருக்கவேண்டும் என்பதற்கு இந்த ஓடு ஒன்றே போதுமான காரணம்.

● இந்தக் கருவியைப் பலரும் ‘டிரெமல்’ என்றே கேட்டு வாங்குகிறார்கள். ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்கா போன ஆல்பர்ட் டிரெமல் 1932-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் நிறுவனம் தொடங்கி, 1935-ல் ‘மோட்டோ டூல்’ என்று இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1993 முதல் அந்த நிறுவனம் பாஷ் குழுமத்தின் கையில். நகைப்பட்டறையில் கொக்கியில் மோட்டார் தொங்க, வளையும் தண்டின் நுனியைப் பிடித்து ஆசாரி வேலை செய்வதைப் பார்த்திருப்போம். அதே குடும்பத்துக் கருவிதான் அதுவும்.

● வாங்கப் போனால் பெட்டியில் எத்தனை துண்டுகள் என்று எண்ணாதீர்கள். நூறு துண்டுகள் அடுக்கிய பெட்டியில் உருப்படியாகப் பயன்படுவது பத்துக்குள் அடங்கிவிடும். பார்க்கவேண்டியவை மூன்று. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறதா, அது எவ்வளவு கீழே இறங்குகிறது? பிட்டைக் கவ்வும் கோலெட் 3.2 மி.மீ., 2.4 மி.மீ. இரண்டு அளவிலும் கிடைக்கிறதா? பிட்டை மாட்டி, கையால் பக்கவாட்டில் ஆட்டினால் தண்டு ஆடுகிறதா? ஆடினால் அங்கேயே வைத்துவிடுங்கள். ஆட்டமுள்ள கருவியால் நேர்கோடு போட முடியாது.

● டிரெமல் 3000 என்பது 130 வாட். நிமிடத்துக்கு 10,000 முதல் 33,000 சுற்று. 4000 என்பது 175 வாட். 5,000-லிருந்து 35,000 வரை. நான் மேல் எண்ணைவிடக் கீழ் எண்ணையே பார்ப்பேன். அக்ரிலிக்கும் பிளாஸ்டிக்கும் அதிக வேகத்தில் வெட்டுப்படாமல் உருகி பிட்டில் ஒட்டிக்கொள்ளும். வயர் பிரஷ் 15,000 சுற்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கம்பிகள் பிய்ந்து பறக்கும். கீழே இறங்கத் தெரிந்த மோட்டாரே பல வேலைக்கு உதவும்.

● ஒரு சின்னக் கணக்கு. வேகம் 20,000 சுற்று. 38 மி.மீ. வெட்டுத்தகட்டின் விளிம்பு அப்போது மணிக்குச் சுமார் 140 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அதே மோட்டாரில் செதுக்கும் பிட்டான பர் 3 மி.மீ. அளவில் மாட்டினால் அதன் விளிம்பு வேகம் 11 கி.மீ.தான், நிதானமாக மிதிக்கும் சைக்கிள் அளவுக்கு. அதனால்தான் சின்ன பிட்டுக்கு வேகத்தைக் கூட்டவேண்டும், பெரிய தகட்டுக்குக் குறைக்கவேண்டும். இது மனதில் நின்றுவிட்டால் அட்டவணையை அடிக்கடி பார்க்கத் தேவையில்லை.

● மோட்டாரின் சத்தத்தைக் கேட்டபடியே வேலை செய்யவேண்டும். சுருதி இறங்கினால் அழுத்துகிறோம் என்று பொருள். அழுத்தினால் வெட்டு வேகமாகாது, சூடுதான் ஏறும். ஓடு கருகும், பிட்டின் கூர் போகும், மோட்டாரும் தேயும். தொட்டு, எடுத்து, மறுபடி தொட்டு, ஒரே கோட்டில் பலமுறை மெல்லப் போவதுதான் முறை.

● திசை முக்கியம். பின்னாலிருந்து பார்த்தால் பிட் கடிகாரச் சுற்றாகச் சுழலும். வேலைப்பொருளின் விளிம்பு நம் பக்கம் இருக்க, பிட்டை நிமிர்த்திப் பிடித்தால் இடமிருந்து வலம் நகர்த்துங்கள். எதிர்த்திசையில் போனால் பிட் விளிம்பில் ஏறி ஓடப் பார்க்கும், கையிலிருந்து கோடு நழுவும்.

● கொட்டாங்கச்சி விளக்கு. ஓட்டின் மூன்று கண்களில் ஒன்று மட்டும் மெல்லியது. ஒயர் நுழையும் துளைக்கு அதுவே இடம். முதலில் மணல் உருளையால் வெளிநாரை எடுத்து, உப்புத்தாளால் வழவழப்பாக்கவேண்டும். பிறகு வெள்ளைப் பென்சிலால் சாளரங்களை வரையலாம். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து வரைந்தால் வளைவுகள் தானாகக் கைக்கு வரும். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டித்தந்த பெரிய மினாராவின் உயரம் 131 அடி. உள்ளங்கை ஓட்டில் அதன் ஒரு வளைவு போதும். ஒவ்வொரு சாளரத்தின் நடுவிலும் துளை போட்டு, கார்பைடு பர்ரால் கோடுவரை அகலப்படுத்தவேண்டும். கடைசியில் ஃபெல்ட் சக்கரத்தில் பாலிஷ்.

● தர்காவின் கந்தூரி விழாவுக்கான கொடி நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டு வரும்போது கூடவே கப்பல் வடிவ ரதங்களும் வரும். தர்காவில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகை ஓட்டை விழுந்த கப்பலைக் காத்தார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. அந்த ஊர்ப் பிள்ளைக்கு மாதிரிக் கப்பல் செய்யும் ஆசை வராமல் இருக்காது. பூவரசங்கட்டையில் உடலைக் குடைய உளி. சாளரத்துளை, பாய்மரக்குழி, சுக்கான் பொருந்தும் காடி ஆகியவற்றுக்கு ரோட்டரி டூல். இரண்டும் சேர்ந்தால்தான் கப்பல் முடியும்.

● இந்தக் கருவிக்கு ஒத்துவராத வேலையும் உண்டு. தஞ்சாவூர் வீணை பலாமரத்தில் செதுக்கப்படுகிறது. ஒரே கட்டையில் குடையும் ஏகாண்ட வீணையின் குடம் எவ்வளவு மெல்லியதாக வரவேண்டும் என்பதைத் தச்சரின் விரலும் காதும் முடிவு செய்கின்றன. பரப்பாகக் குடையும் அந்த வேலைக்கு இந்தக் கருவி பொருந்தாது. சிறிதைச் சிறிதாக எடுக்கவே இது. பெரிய வேலையை இதன்மேல் சுமத்திவிட்டுக் கருவி சரியில்லை என்பது நியாயமில்லை.

● கிளிஞ்சலில் துளையிட ஆசைப்படுபவர்களுக்கு: அதன் தூள் நுரையீரலுக்குக் கெடுதி. ஆழமில்லாத தண்ணீர்த் தட்டில் வைத்து, வைர பர்ரால் ஈரமாகவே துளையிடுங்கள். மோட்டாரை உயரத்தில் மாட்டி வளைதண்டில் வேலை செய்தால் தண்ணீரும் மின்சாரமும் சந்திக்காது, ஆனாலும் இணைப்பில் மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம். சில சங்கு, சோழி வகைகள் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. அவற்றைக் கடையில் விற்றாலும் வாங்க வேண்டாம்.

● பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். வெட்டுத்தகடு உடைந்தால் துண்டு நேரே முகத்துக்கு வரும். நார் வலுவூட்டிய தகடே வாங்குங்கள். ஓட்டுத் தூளுக்கு என்95 முகக்கவசம் போடுங்கள். தொங்கும் துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, தளர்ந்த கையுறை எதுவும் கூடாது. சின்னப் பொருளை விரலால் பிடிக்காமல் வைஸில் இறுக்குங்கள்.

● கடலோர ஊரில் உப்புக்காற்று பிட்டுகளை விடாது. வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, இறுக்கமாக மூடும் டப்பாவில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் டப்பாவுக்குள் சிலிகா ஜெல் பொட்டலமும் வேண்டும். கோலெட்டைக் கழற்றி உள்ளிருக்கும் தூளைத் தட்டுங்கள். பிட் மையம் தப்பிச் சுழல அந்தத் தூளும் ஒரு காரணம்.

● கையில் இருக்கும் பணத்தை இப்படிச் செலவிடுங்கள்: முதலில் கண்ணாடியும் முகக்கவசமும், அடுத்து ஆட்டமில்லாத நடுத்தர மோட்டார், பிறகு நல்ல கார்பைடு பர் இரண்டு, வைர பர் ஒன்று, மணல் உருளை. வளைதண்டு பிறகு வரட்டும். மலிவான மோட்டாரில் நல்ல பிட் ஓரளவு வேலை செய்யும். மழுங்கிய பிட் எந்த மோட்டாரிலும் வேலை செய்யாது.