கரைவலைக் கூலி

உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எங்கட திருகோணமலையில் இருக்கு என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் படித்தோம். அந்தத் துறைமுகம் எங்கள் அடுப்பை எரிய வைக்கவில்லை. 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தபோது அம்மப்பாவின் தளத்து வேலையும் போனது. பிறகு எங்கள் வீட்டுக்குக் கடற்கரைதான் கதி.

அப்பா கூலிக்குக் கரைவலை இழுத்தார். வலையின் மடி கரையை நெருங்கும் நேரம் சின்னப்பிள்ளைகள் நாங்களும் கயிற்றைப் பிடிப்போம். உப்பில் ஊறிய கயிறு உள்ளங்கையை அறுக்கும். இழுத்து முடிந்தால் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி இரண்டு கை அள்ளிச் சூடையோ கீரியோ போடுவார். சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்து வாங்கிக்கொண்டு ஓடுவோம். அம்மா அதைப் புளி விட்டு அவிப்பா. பாணும் இருந்தால் அன்றைக்குப் பெருநாள்.

மாரி தொடங்கினால் வலை இல்லை, சங்கக்கடையில் கடன். யுத்த காலத்தில் மாரியில்லாத மாதங்களிலும் கடல் தடை.

1993இல் அரசு இலவசச் சீருடைத் துணி கொடுக்கத் தொடங்கியது. அந்த வெள்ளைத் துணியை அக்கா முகத்தில் வைத்து மணந்து பார்த்தா. ஆனால் படிப்பை முடிக்கவில்லை, தம்பிமாருக்காக நின்றுவிட்டா.

வறுமையை இனிய நினைவாக எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அக்காவின் கெட்டித்தனத்தை அந்த வறுமைதான் தின்றது. 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தபோது எத்தனை வீட்டில் எத்தனை அக்காமார் படிப்பை விட்டு நின்றார்களோ!

ஊரில் இருக்கிறவர்கள் விசாரித்துச் சொல்லுங்கள். கொப்பிக் காசு நான் அனுப்புகிறேன்.