அஸ்வின் தானாகவே சொல்லிவிட்டார்... மாமாவிடம் சொன்னது நான்!

விநாயகர் சதுர்த்திக்கு கெங்குவார்பட்டி போயிருந்தேன். அடுப்பில் கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்தது. திண்ணையில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்த மாமா, "மாப்ள, அஸ்வின் ஐ.பி.எல்-லயும் விட்டுட்டாராம்டா" என்றார். அடுத்த நிமிடமே ஆபீஸிலிருந்து போன். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவனுக்கு லீவு என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். 221 போட்டிகள், 187 விக்கெட்டுகள் என்று மொட்டைமாடியில் நின்றபடியே டைப் செய்து அனுப்பிவிட்டுக் கீழே வந்தேன்.

மாமா என்னிடம் கிரிக்கெட் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குக் காரணம் நான்தான்.

மாமாவுக்கு 46 வயது. மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பது தொழில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கம்மாய்க்கரைக்குக் கீழே உள்ள பொட்டலில் ஆஃப் ஸ்பின் போடுவார். டென்னிஸ் பந்தில் ஸ்பின் போடுவது லேசுப்பட்ட விஷயமில்லை. பந்தில் எடையே இருக்காது, விரல் பிடிக்கத் தையலும் கிடையாது. வேகத்தைக் குறைத்து, பேட்ஸ்மேனை ஆசை காட்டி முன்னால் இழுக்க வேண்டும். தேவதானப்பட்டி, வத்தலக்குண்டு, பெரியகுளம் என்று போன இடமெல்லாம் மாமாவிடம் அப்படி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு கிரிக்கெட் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

இரண்டு வருடமாக முட்டி ஒத்துழைக்கவில்லை. குனிய முடியாமல் காலை நீட்டிப் பந்தைத் தடுப்பார். ஒரு ரன் போகிற இடத்தில் இரண்டு போகும். போன டிசம்பரில் டீம் பையன்கள் எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார்கள். "பொங்கல் டோர்னமென்ட்டுக்கு மாமா வேணாம்ணே. எங்களுக்குச் சொல்ல வாய் வரல. நீங்க சொன்னா கேப்பாரு." எல்லாரும் அவரிடம் பந்து பிடிக்கக் கற்றுக்கொண்டவர்கள். சரி என்று பதில் போட்டுவிட்டேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, 2024 டிசம்பர் 18. பிரிஸ்பேனில் மழை. டிரெஸ்ஸிங் ரூமில் அஸ்வினை கோலி கட்டிப்பிடித்துக்கொண்டிருந்ததை டி.வி-யில் காட்டியபோதே டெஸ்க்கில் எல்லாருக்கும் சந்தேகம். மேட்ச் டிரா ஆனதும் ரோஹித் சர்மாவோடு வந்து உட்கார்ந்தார். சர்வதேச கிரிக்கெட்டில் இதுதான் தன் கடைசி நாள் என்று சொல்லிவிட்டு, கேள்வி எதுவும் வாங்காமல் எழுந்து போய்விட்டார். 106 டெஸ்ட், 537 விக்கெட். இந்தியாவுக்காக அதைவிட அதிகம் எடுத்தவர் 619 எடுத்த கும்ப்ளே ஒருவர்தான்.

நோட்டிஃபிகேஷன் போன கையோடு மாமா போன் செய்தார். "என்னடா இது, சீரிஸ் நடுவுலயா? இன்னும் ரெண்டு டெஸ்ட் கிடக்கே. சிட்னியில பந்து திரும்புமேடா." குரல் ஒரு மாதிரி இருந்தது. இதுதான் சமயம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. "எப்ப நிறுத்தணும்னு தெரியணும் மாமா. நீங்களும் கொஞ்சம் யோசிங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பயலுக சொல்லச் சொன்னாய்ங்களா?"

"இல்ல மாமா, நானாத்தான் சொல்றேன்."

"சரி, நீ வேலையைப் பாரு."

பொங்கலுக்கு அவர் மைதானத்துப் பக்கமே வரவில்லை. தோப்பில் வேலை இருக்கிறது என்று போய்விட்டார். டீம் இரண்டாவது மேட்ச்சில் தோற்றது. அவர் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று சொல்ல மாட்டேன். தோற்றுத்தான் இருப்போம்.

'ஏன் போறே?' என்று கேட்கும்போதே போய்விட வேண்டும், 'ஏன் இன்னும் போகலை?' என்று கேட்கும்வரை இருக்கக் கூடாது என்று கிரிக்கெட்டில் ஒரு பழைய பேச்சு உண்டு. அன்று நான் எழுதிய கட்டுரையிலும் அதைச் சேர்த்திருந்தேன். இப்போது யோசித்தால், அது பார்க்கிறவர்கள் கணக்கு. பந்து போடுகிறவன் கணக்கு வேறு.

அஸ்வினையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் பங்களாதேஷுக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் 113 ரன், இரண்டாவது இன்னிங்ஸில் 6 விக்கெட். அன்று ஓய்வு என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். அடுத்து நியூசிலாந்து வந்து 3-0 என்று நம்மை வீழ்த்திவிட்டுப் போனது. மூன்று டெஸ்ட்டிலும் சேர்த்து அவருக்கு 9 விக்கெட்தான். ஆஸ்திரேலியா போனால் பெர்த்தில் வாஷிங்டன் சுந்தர், அடிலெய்டில் அஸ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா. பெர்த்துக்குத் தான் வந்து சேர்ந்தபோதே இந்த முடிவு தெரியும் என்றும், அடிலெய்டு டெஸ்ட் வரை இருக்கச் சொன்னதே தான்தான் என்றும் ரோஹித் பிறகு சொன்னார். அதாவது, நமக்குத்தான் அது திடீர்ச் செய்தி. 38 வயதில் ஒவ்வொரு ஊரிலும் 'இன்றைக்கு நான் இருக்கிறேனா?' என்று காத்திருப்பது என்னவென்று அவருக்குத்தானே தெரியும்?

பிரிவு உபசார மேட்ச் இல்லையே என்று எனக்கும் வருத்தம்தான். செப்டம்பரில் கைதட்டிய சேப்பாக்கத்துக்கு, அதுதான் அவருடைய கடைசி டெஸ்ட் இங்கே என்று தெரியாது. முரளிதரன் மாதிரி எல்லாருக்கும் அமையுமா? 2010-ல் காலேயில் இதுதான் கடைசி என்று முன்பே சொல்லிவிட்டு, தேவைப்பட்ட 8 விக்கெட்டையும் எடுத்து 800-ல் நிறுத்தினார். 2008-ல் கும்ப்ளே விரல் கிழிந்து தையல் போட்ட கையோடு டெல்லியில் விடைபெற்றார். அவரும் சீரிஸ் நடுவில்தான். அதுவும் கேப்டனாக இருந்துகொண்டு!

எனக்கு உறுத்துவது ஜேம்ஸ் ஆண்டர்சன் கதை. 700 விக்கெட் எடுத்தவரை உட்காரவைத்து, நாங்கள் அடுத்த தலைமுறையைப் பார்க்கிறோம் என்று இங்கிலாந்து நிர்வாகம் சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் லார்ட்ஸில் கடைசி டெஸ்ட், மொத்தம் 704. அவரோ 2025-லும் லங்காஷயருக்குப் பந்து போட்டார். எப்போது போவது என்பதைவிட, அதை யார் முதலில் சொல்வது என்பதில்தான் வலி இருக்கிறது. ஆனாலும், அவர்கள் ஆண்டர்சன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். நான் போனில், அஸ்வின் பெயரைச் சொல்லி, பொய்யும் சேர்த்துச் சொன்னேன்.

கொழுக்கட்டைத் தட்டோடு திண்ணையில் வந்து உட்கார்ந்தேன். "ஏன்டா, ஐ.பி.எல்-ல பணம் வருதுல்ல, அதை எதுக்கு விடணும்?" என்றார். இந்தியாவில் ஆடும் எல்லாவற்றையும் விட்டால்தான் வெளிநாட்டு லீக்கில் ஆட கிரிக்கெட் வாரியம் அனுமதிக்கும் என்றும், அவர் அங்கெல்லாம் போய் ஆடப்போகிறார் என்றும் சொன்னேன்.

"அப்ப நிறுத்தல."

"நிறுத்தல மாமா. இடம் மாத்துறார்."

ஒரு கொழுக்கட்டையை முழுசாகத் தின்று முடித்தார். "அன்னைக்குப் பயலுகதானே சொல்லச் சொன்னாய்ங்க?"

"ஆமா மாமா."

"தெரியும். அவய்ங்க நேர்லயே சொல்லியிருக்கலாம்" என்றவர், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ஒரு நோட்டீஸைக் காட்டினார். வத்தலக்குண்டில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு டென்னிஸ் பால் மேட்ச்.

"பத்துப் பேர் சேர்ந்தாச்சு. கீப்பர்தான் கிடைக்கல. என்ட்ரி ஃபீஸ்ல பாதி நீ போட்டுரு" என்றார்.