வலிக்காத கொடுக்கு

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல என்பார்கள். வலித்தும் வாய்திறக்க முடியாத நிலைக்கு அது உவமை. வலி அடங்குவதே ஆபத்தாகும் தேள்கடி ஒன்றும் உண்டு என்பதை ஒரு மழைக்கால இரவில் நாங்கள் அறிந்தோம்.

சங்கராபுரத்தில், மேற்கே கல்வராயன் மலை தெரியும் ஓட்டுவீடு எங்களுடையது. விறகு எடுக்கப்போன தம்பியைச் செந்தேள் கொட்டியது. கருத்துப் பெருத்த நட்டுவாக்காலி என்றால் தெருவே கூடியிருக்கும். விரலளவு செந்தேள்தானே என்று சுண்ணாம்பு தடவினோம். சற்று நேரத்தில் வலி குறைந்துவிட்டதென்றான், நிம்மதியடைந்தோம். பிறகு அவன் சட்டை வியர்வையில் நனைந்தது. வாந்தி எடுத்தான். கைகால்கள் சில்லிட்டன. மருத்துவமனையில் இரண்டு இரவுகள் விழித்திருந்துதான் அவனை மீட்டு வந்தோம்.

பல ஆண்டுகளுக்குப் பின்பே அந்த இரவைப் புரிந்துகொள்ளும் நூல்கள் கைக்கு வந்தன. 1798இல் ஃபாப்ரிஷியஸ் இந்தத் தேளுக்கு இட்ட பெயர் ‘தமுலஸ்’. நம் தமிழே அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நரம்பில் செய்தி பாயும்போது சோடியம் உள்ளே நுழைகிறது. பொட்டாசியம் வெளியேறியதும் நரம்பு அடங்குகிறது. இரண்டுக்கும் தனித்தனி வாயில்கள். நஞ்சின் சில புரதங்கள் சோடியம் வாயிலை மூடவிடுவதில்லை. வேறு சில, பொட்டாசியம் வாயிலை அடைக்கின்றன. 1990இல் இத்தேளின் நஞ்சிலிருந்து பிரித்தறியப்பட்ட ஐபீரியோடாக்சினில் இருப்பவை 37 அமினோ அமிலங்களே. கால்சியத்தால் தூண்டப்பட்டுத் திறக்கும் ஒருவகைப் பொட்டாசியம் வாயிலின் வெளித்துளையில் அது தக்கைபோல் அமர்ந்துவிடுகிறது. அவ்வகை வாயிலை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய ஆய்வாளர்கள் இன்று அந்தத் தக்கையையே கருவியாகக் கொள்கிறார்கள்.

நஞ்சு இப்படிக் கூட்டாக வேலைசெய்யும்போது, அடங்கவேண்டிய நரம்பு ஓயாமல் ஏவுகிறது. அட்ரினலின் பெருகுகிறது, இரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கிறது. தம்பியின் கைகள் சில்லிட்டது அதனால்தான்.

மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இரத்த அழுத்தத்துக்கான பிராசோசின் மாத்திரையால் அந்த இறுக்கத்தைத் தளர்த்தி 1980களில் பல உயிர்களைக் காத்தார். அவருக்குப் பத்மஸ்ரீ 2022இல்தான் வந்தது. கொட்டுவாயில் மட்டும் கடும்வலி இருப்பவர்கள் பெரும்பாலும் தேறிவிடுகிறார்கள்; வலி குறைந்து வியர்வை பெருகுவதே எச்சரிக்கை என்பது மருத்துவர்கள் கண்ட பாடம்.

இப்போது தேள் கொட்டியதென்று யாரேனும் குழந்தையைத் தூக்கி வந்தால், அழுகிறதா என்று நாங்கள் பார்ப்பதில்லை. உள்ளங்கையைத் தொட்டபடியே, வண்டியை எடுக்கச் சொல்கிறோம்.