அம்மாவின் காலண்டர்

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், என் சாதிச் சான்றிதழைப் பார்த்த வகுப்புத் தோழி "நீ கேரளாவா?" என்று கேட்டாள். அதில் 'மலையாளி' என்று இருந்தது. கல்வராயன் மலையிலும் சேர்வராயன், பச்சைமலை, ஜவ்வாதுமலையிலும் வாழும் பழங்குடிகளான எங்களுக்கு அதுதான் பெயர். நாங்கள் பேசுவது தமிழ். கேரளாவை நான் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

கிராபிக் டிசைன் படிக்க வேண்டும் என்று நான் கேட்டபோது, "அதுல என்னா பண்ணுவாங்க?" என்றாள் அம்மா. "பொட்டலத்துக்கு மேல படம் போடுவாங்கம்மா" என்றேன். அப்போது எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

இரண்டாம் ஆண்டில் உண்மையாகவே பொட்டலம் வந்தது. ஊர் விளைபொருள் ஒன்றுக்கு உறை வடிவமைக்க வேண்டும். நான் சாமையை எடுத்துக்கொண்டேன். "மலைப் பொருள்தானே, ட்ரைபல் ஃபீல் கொண்டு வா" என்றார் சார். இணையத்தில் அந்தச் சொல்லைத் தட்டினால் வருவதெல்லாம் ஒரே படம்: செம்மண் நிறத்தின்மேல், முக்கோண உடம்போடு கைகோத்து ஆடும் வெள்ளைக் குச்சி மனிதர்கள். அது வார்லி. மகாராஷ்டிரத்துப் பழங்குடிகளின் ஓவியம். எங்கள் ஊரில் எந்தச் சுவரிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

வார்லியைப் பற்றித் தேடிப் படித்தேன். கல்யாண வீட்டுச் சுவரில் அரிசி மாவைக் கரைத்து அதை வரைந்துவந்தவர்கள் பெண்கள். 1970களில் அது சுவரிலிருந்து தாளுக்கு வந்தபோது உலகப் புகழ் பெற்றவர் ஜிவ்யா சோமா மாஷே என்கிற ஆண் ஓவியர். அவர் பெரிய கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு முன்பு வரைந்த பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட எனக்குக் கிடைக்கவில்லை. பெயரில்லாத அந்தப் பெண்களின் கோட்டை எடுத்து எங்கள் சாமைமேல் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே படமே வேண்டாம் என்று முடிவு செய்தேன். 'சாமை' என்ற சொல் மட்டும், பெரிதாக. அதிலும் ஒரு சிக்கல். போட்டோஷாப்பில் தட்டினால் 'ம'வுக்கு முன்னால் வரவேண்டிய ஐகாரக் குறி பின்னால் போய் நின்றது. இப்படி எழுத்து உடைவதால்தான் வகுப்பில் பாதிப்பேர் தலைப்பை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுவார்கள். தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பு அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. அமைப்புகளில் போய் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். எழுத்துருவுக்கு கட்டமரானை எடுத்தேன். பிரியா ரவிச்சந்திரன் என்கிற பெண் வடிவமைத்தது, ஒன்பது தடிமன்களில் இலவசமாகக் கிடைக்கிறது. சொல்லுக்குக் கீழே, ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் என்று அம்மா சொன்ன அளவைப் போட்டேன். "காலியா இருக்கே" என்றார் சார். மதிப்பெண் சுமார்தான்.

அந்தப் பிடிவாதம் எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த பிராஜெக்டில் அது உடைந்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் உண்டு. ஆனால் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வந்தது மார்பில் அடித்துக்கொண்டு அழுத பெண்களின் முகம். கேமரா நெருங்கி நெருங்கிப் போனது. போஸ்டர் பிராஜெக்டுக்கு அதையே தலைப்பாகக் கொடுத்தார்கள். மண்டை ஓடு, பாட்டில், முந்தானையால் வாயைப் பொத்திய பெண் என்று வகுப்பு முழுக்க வரைந்தார்கள்.

நான் அழும் பெண்ணை வரையமாட்டேன் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் ஒரு மாதக் காலண்டர் உண்டு. அம்மா கிழங்கு பிடுங்கும் கூலிக்குப் போன நாளில் ஒரு வட்டம் போடுவாள். அந்தக் கூலி சாராயத்துக்குப் போய்விட்ட நாளில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி. விடுமுறையில் போனபோது மே மாதத் தாளை போனில் படம் எடுத்து வந்திருந்தேன். அதை அப்படியே பெரிதாக்கிப் போஸ்டர் ஆக்கினேன். 31 கட்டங்கள், நீல மை, அம்மாவின் கை நடுக்கம் உட்பட. சார் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கள்ளக்குறிச்சியில் நடக்கும் கண்காட்சிக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்.

அன்று இரவு சந்தோஷமாக அம்மாவுக்கு போன் செய்தேன். கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.

"உங்கப்பாரு குடிக்கிறது ஊருக்கே தெரியும்டி. நான் கணக்கு வச்சது அவருக்குத் தெரியாது. அதப் போயி கள்ளக்குறிச்சியில ஒட்டுறியா?"

அந்தக் குறிகளை நான் துயரம் என்று படித்திருந்தேன். அம்மாவுக்கு அது கணக்கு. எவ்வளவு போகிறது, எந்த நாளில் காசை ஒளித்துவைக்க வேண்டும், எந்த வாரம் குழுக் கடனுக்குப் பணம் பத்தாது என்று பார்த்துக்கொள்ளும் ரகசியப் புத்தகம். வெளியே தெரிந்தால் அடி விழுவது அவளுக்குத்தான். கருணாபுரத்துக் கேமராவைத் திட்டிக்கொண்டே நானும் போனை நீட்டியிருக்கிறேன். முகத்தை எடுக்கவில்லை என்பதால் கேட்காமல் எடுத்தது சரியாகிவிடாது.

"பேரை எடுத்துட்டா போதுமே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் சார். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம், கோமுகி அணை தாண்டி மேலே ஏறும் பஸ்ஸில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தக்காரர்கள். போஸ்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கோப்பை அழித்தேன்.

அதற்குப் பதிலாக ஜூன் மாதத்தின் 30 வெற்றுக் கட்டங்களை அச்சடித்துத் தொங்கவிட்டேன். பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில். கீழே வட்டத்துக்கும் பெருக்கல் குறிக்கும் பொருள். முடிவடையாத வேலை என்று மதிப்பெண் குறைத்தார்கள். கண்காட்சி முடிந்து எடுக்கப் போனபோது சில கட்டங்களில் குறி இருந்தது. ஒன்றில் யாரோ போட்ட பெருக்கல் குறியை யாரோ அழுத்தி அழித்திருந்தார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை.

இதை எழுதலாமா என்று இந்த முறை முன்பே கேட்டேன். "எழுது. பேரப் போடாத, ஊரப் போடாத" என்றாள் அம்மா. காலண்டர் இப்போது வேறு இடத்தில் இருக்கிறதாம். குறிகளையும் மாற்றிவிட்டாள். என்ன குறி என்று எனக்கும் சொல்லவில்லை.