இரண்டு வருடம் பொறுக்கக்கூடாதா?

திருச்சிப் பக்கத்திலிருந்து வெளிநாட்டுக்குக் குடிபெயரும் குடும்பத்தில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று இருந்துவிட்டால், விசாரிக்க வருகிற ஒவ்வொருவரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'இரண்டு வருடம் பொறுக்கக்கூடாதா? பிளஸ் டூ முடிந்துவிடுமே.' 2008-ஆம் ஆண்டில் இக்கேள்வியை நான் எத்தனை முறை எதிர்கொண்டேன் என்பதற்குக் கணக்கில்லை. கேட்டவர்கள் எல்லோரும் எங்கள் நலம் நாடியவர்களே. கேள்வியும் நியாயமானதே. இன்றும் அதே கேள்வி, அதே சொற்களில், வேறு குடும்பங்களிடம் கேட்கப்படுவதைப் பார்க்கிறேன். அந்த இரண்டு வருடத்திற்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்க்கத் தோன்றுகிறது.

முதலில் மதிப்பெண் இருக்கிறது. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-இல் வந்தது. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் தனியே நுழைவுத் தேர்வு இருந்த காலம் ஒன்று உண்டு. 2007-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அது நீக்கப்பட்டது. ஆகவே 2008-இல் பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பையனின் எதிர்காலம் முழுவதும் 1200 மதிப்பெண்ணுக்குள் அடங்கியிருப்பதாக எல்லோரும் நம்பினார்கள். பல தனியார் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பாடங்களைப் பேருக்குத் தொட்டுவிட்டு, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு ட்யூஷனுக்காகச் சைக்கிளில் காவிரிப் பாலத்தைக் கடக்கும் பிள்ளைகளை அந்நாட்களில் ஸ்ரீரங்கத்தில் யாரும் பார்க்கலாம். பிறகு 1200 என்பது 600 ஆயிற்று. 2017-இல் நீட் வந்தது. 2018-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்து, 2025-இல் அது விலக்கப்பட்டது. அந்த இரண்டு வருடத்தைப் பற்றிய பயம் மட்டும் மாறவில்லை.

இதற்கு நம் குடும்பங்களில் பழைய தீர்வு ஒன்று இருந்தது. பெற்றோர் போவார்கள், பிள்ளை பாட்டி வீட்டில் நிற்கும். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. சுஜாதா அப்படித்தான் வளர்ந்தார். தந்தைக்கு ஊர் ஊராக மாற்றல் வர, பையன் பாட்டியின் பொறுப்பில் ஸ்ரீரங்கத்தில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்துத் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்தார். அந்த ஏற்பாடு இல்லாமலிருந்தால் 'ஸ்ரீரங்கத்துத் தேவதைகள்' இல்லை. வளைகுடா வேலைகள் வந்தபின் தீர்வு சற்று மாறியது. அப்பா மட்டும் போனார், அம்மாவும் பிள்ளைகளும் பிளஸ் டூ முடியும்வரை இங்கேயே இருந்தார்கள். எங்கள் தெருவிலேயே அப்படிச் சில வீடுகள் இருந்தன.

சுஜாதா மறைந்தது 2008 பிப்ரவரி 27 அன்று. அதற்கு அடுத்த மாதம் என் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினான். நான் அதற்கு முந்தைய ஆண்டே சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். உத்தர வீதியில் தனியாக இருந்த என் அம்மா, "அவனை நான் பார்த்துக்கமாட்டேனா?" என்று கேட்டாள். நிச்சயம் பார்த்துக்கொண்டிருப்பாள். மறுக்க எங்களிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. பிளஸ் டூ முடிந்ததும் பிள்ளை ஹாஸ்டலுக்குப் போய்விடுவான். பிறகு வேலை, பிறகு திருமணம். அவனோடு ஒரே கூரையின் கீழ் நாங்கள் இருப்பதற்கு எஞ்சியிருந்ததும் அதே இரண்டு வருடம்தான். ஊர் எதற்காகப் பொறுக்கச் சொன்னதோ, அதற்காகவே எங்களால் பொறுக்க முடியவில்லை. அந்த ஆண்டின் பின்பகுதியில் மூவரும் சேர்ந்தோம்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஆனால் இரண்டு ஊர்களின் பள்ளிக்கூடக் காலண்டர்களுக்கு இடையே உள்ள தூரம் அதைவிடப் பெரியது. இங்கே ஜூனில் தொடங்கும் வகுப்பு அங்கே ஜனவரியில் தொடங்குகிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதில் தேறினாலும் உயர்நிலை மூன்றுக்கு மேல் சேர்ப்பதில்லை, ஏனெனில் உயர்நிலை நான்கு பொதுத்தேர்வு ஆண்டு. ஆக, திருச்சியில் பத்தாம் வகுப்பை முடித்துவிட்ட பையன் 2009 ஜனவரியில், தன்னைவிட ஒரு வயது குறைந்தவர்களோடு, ஏறக்குறைய ஒன்பதாம் வகுப்பில் போய் உட்கார்ந்தான். 2010 இறுதியில் சாதாரண நிலைத் தேர்வு. பிறகு இரண்டு வருடம் தொடக்கக் கல்லூரி. 2012 இறுதியில் மேல்நிலைத் தேர்வு. பல்கலைக்கழகம் 2013 ஆகஸ்டில். அவனோடு பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் அப்போது பொறியியல் நான்காம் ஆண்டில் இருந்தார்கள். 'இரண்டு வருடம்' என்ற கேள்விக்கு வெறும் கணக்கில் விடை மூன்று வருடம்.

இந்த இழப்புக்கு எதிர்ப்பக்கத்தில், நாங்கள் எண்ணிப் பார்த்திராத ஒரு வரவும் இருந்தது. திருச்சியில் அவன் எடுத்திருந்தது சமஸ்கிருதம். மதிப்பெண் எளிதாக வரும் என்று தமிழை விட்டு சமஸ்கிருதமோ பிரெஞ்சோ எடுப்பது அன்றைய வழக்கம். தமிழைக் கட்டாயமாக்கும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாக ஏறிப் பத்தாம் வகுப்பை எட்டியது 2016-இல்தான். சிங்கப்பூரிலோ தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியில் தாய்மொழிப் பாடம். அவன் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் வசதி இல்லாததால், மாலை வேளைகளில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போனான். அரங்கனின் மதிலுக்குள் வளர்ந்த பையன் தமிழில் முதன்முதலாக ஒரு கட்டுரையை முழுமையாக எழுதியது கடல் கடந்த பிறகுதான். அதை அவன் பாட்டிக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினான். அவள் இரண்டு சந்திப்பிழைகளைச் சொன்னதாக நினைவு.

படிப்பு எப்படியும் சரியாகிவிடுகிறது. சரியாக வெகுநாள் எடுத்துக்கொள்வது வேறொன்று. பதினைந்து வயதில் ஒரு பிள்ளைக்குத் தன் ஊர் முதல்முறையாகச் சொந்தமாகிறது. அதுவரை அப்பாவின் ஊர், பாட்டியின் ஊர். சைக்கிள் கைக்கு வந்ததும் அம்மா மண்டபம் படித்துறையும், கொள்ளிடக் கரையும், சத்திரம் பஸ் நிலையத்துப் பழைய புத்தகக் கடைகளும் அவனுடையவை ஆகின்றன. யார் யாருடைய பிள்ளை, யார் எந்தக் கிரிக்கெட் ஆட்டத்தில் எப்படி அவுட் ஆனான் என்பதெல்லாம் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். புதிய ஊரில் ஒவ்வொரு நாளும் தன்னையே அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்கு இதற்கு வேலை என்ற ஒரு துணை உண்டு. பிள்ளைக்கு அதுவும் இல்லை.

கமலா ஹாரிஸின் கதையில் இந்தப் பகுதியை நம் பத்திரிகைகள் அதிகம் பேசவில்லை. மன்னார்குடிக்கு அருகேயுள்ள துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பி.வி. கோபாலனின் மகள் ஷ்யாமளா, மார்பகப் புற்றுநோய் ஆய்வாளர். கனடாவின் மாண்ட்ரியலில் வேலை கிடைக்க, இரண்டு பெண்களையும் கலிபோர்னியாவிலிருந்து அழைத்துச் சென்றார். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி ஆண்டின் நடுவே, பிப்ரவரிக் குளிரில், பிரெஞ்சு பேசும் ஊருக்குப் போக நேர்ந்த வருத்தத்தைத் தன் சுயசரிதையில் அவர் பதிந்திருக்கிறார். 1981-இல் பள்ளிப் படிப்பை அங்கேயே முடித்தவர், கல்லூரிக்கு அமெரிக்காவுக்கே திரும்பினார். தாய் தன் வேலைக்காகப் போனார், மகள் தன் ஊருக்காகத் திரும்பினார். இரண்டையும் நான் குறை சொல்லமாட்டேன்.

என் மகன் திரும்பிப் பார்க்க வந்தது 2010 மார்கழியில். சாதாரண நிலைத் தேர்வு முடிந்திருந்தது. பகல்பத்து நடந்துகொண்டிருந்தது. ஊர் நிறைந்து வழிந்தது. ஆனால் அவன் வயதுப் பையன்களில் ஒருவர்கூடத் தெருவில் இல்லை. ஒருவன் கோயம்புத்தூரில், இருவர் சென்னையில், ஒருவன் சூரத்கல்லில். பொங்கலுக்குத்தான் வருவார்கள். 'நீங்கள் என்னை அழைத்துப் போகாமல் இருந்திருந்தாலும் நானும் இப்போது இங்கே இருந்திருக்கமாட்டேன்' என்று அவன் சொன்னான். குற்றச்சாட்டு அல்ல, கண்டுபிடிப்பு. எனக்கும் அது அன்றுதான் உறைத்தது. ஸ்ரீரங்கத்தை விட்டுப் போவது ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளின் வழக்கமே. சுஜாதாவும் கல்லூரி முடித்துக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனவர்தான். பிளஸ் டூவின் முடிவு அந்தப் பிரிவுக்கு ஒரு முறை வகுத்துக் கொடுக்கிறது. குரூப் போட்டோ, ஆட்டோகிராப் நோட்டு, கடைசித் தேர்வன்று சட்டையில் தெளித்த மை, கலந்தாய்வுக் கடிதத்துக்குச் சேர்ந்து காத்திருப்பது. எல்லோரும் சேர்ந்து பிரிகிறார்கள். இவன் மட்டும் முன்னதாக, தனியாகப் பிரிந்திருந்தான்.

இது இன்னொரு முறையும் நேர்ந்தது. 2010-இலேயே நாங்கள் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிப்பதா என்று யோசித்தோம். பெற்றோர் வழியாக நிரந்தரவாசியாகும் ஆண் பிள்ளை, அந்நாட்டுக் குடிமக்களைப் போலவே பதினெட்டு வயதில் இரண்டு வருட முழுநேரத் தேசிய சேவைக்குப் போயாக வேண்டும். கையெழுத்து எங்களுடையது, சேவை அவனுடையது. எனவே அவனிடம் எல்லாவற்றையும் விளக்கி, முடிவை அவனுக்கே விட்டோம். ஒரு வாரம் கழித்து, "ரெண்டு வருஷம் ஒரு தடவை கொடுத்தாச்சுப்பா" என்றான். விண்ணப்பத்தில் அவன் பெயரைச் சேர்க்கவில்லை. அதன் விளைவு 2013-இல் தெரிந்தது. தொடக்கக் கல்லூரியில் அவனோடு படித்த சிங்கப்பூர்ப் பையன்கள் எல்லோரும் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு முகாமுக்குப் போயிருக்க, இவன் அவர்களுக்கு முன்னால் தனியாகப் பல்கலைக்கழகம் போனான்.

அதற்கு முன்பாக, தமிழ்நாட்டிலேயே பொறியியல் சேரலாமா என்ற எண்ணமும் அவனுக்கு வந்தது. கலந்தாய்வுக்கு, எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவர்களிடம் நேட்டிவிட்டிச் சான்றிதழ் கேட்பதில்லை. வெளியே படித்தவர்கள் அதைக் காட்ட வேண்டும். உத்தர வீதியில் பிறந்து வளர்ந்தவன், தான் இந்த ஊர்க்காரன்தான் என்று தாலுகா அலுவலகத்தில் எழுதி வாங்க வேண்டும். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பாட்டி அப்போது அவனுக்கு நம்பெருமாள் கதையைச் சொன்னாள். 1323 படையெடுப்பின்போது ஊரைவிட்டுப் போன உற்சவர், மலைநாடு, மைசூர், திருப்பதி என்று அலைந்து 1371-இல் திரும்பினார் என்பது கோயிலொழுகு மரபு. அதற்குள் இங்கே வேறொரு உற்சவரை எழுந்தருளப் பண்ணியிருந்தார்கள். பழையவரை அறிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. கண் தெரியாத ஒரு முதிய வண்ணார், திருமஞ்சன ஈரவாடையின் தீர்த்தத்தைச் சுவைத்து, இவரே நம்பெருமாள் என்று அடையாளம் சொன்னாராம். "பெருமாளுக்கே சாட்சி வேண்டியிருந்ததுடா" என்றாள் பாட்டி. சான்றிதழ் கிடைத்தது. ஆனால் கடைசியில் அவன் சிங்கப்பூரிலேயே, கல்விக் கட்டண மானியத்தோடும் அதற்கு ஈடாக மூன்று வருடம் அங்கே வேலை பார்க்கும் ஒப்பந்தத்தோடும் சேர்ந்தான்.

ஆகவே, பொறுக்கலாமா, போகலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பொது விடை இல்லை. பாட்டியிடம் விடுவதும் நல்ல வழியே. அழைத்துச் செல்வதும் நல்ல வழியே. படிப்பு, கட்டணம், விசா ஆகியவற்றின் கணக்கை எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். பிள்ளை விடைபெறுவதற்கான நாட்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன். புறப்படும் தேதியை அவனிடம் முதலில் சொல்லுங்கள், கடைசியில் அல்ல. அவன் வகுப்புத் தோழர்கள் ஊரைவிட்டுக் கலைந்து போகும் அந்த ஜூன், ஜூலை மாதத்தில் ஒரு வாரமாவது அவனை ஊருக்கு அனுப்பிவைக்க வழியிருந்தால் செய்யுங்கள். விமானச் சீட்டு எந்த மாதம் மலிவு என்பதைவிட அது முக்கியம்.

அம்மா இப்போது இல்லை. மகனுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. திருச்சிப் பள்ளித் தோழர்கள் '2010 பேட்ச்' என்ற பெயரில் வாட்ஸ்அப் குழு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் முகப்பில் இருப்பது பன்னிரண்டாம் வகுப்புக் குரூப் போட்டோ. அதில் அவன் இல்லை. குழுவில் அவனைச் சேர்த்தவர்கள் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.